பட்டறை கேள்வி–பதில்: பழைய இரும்பில் இலக்குத் தகடு

கே: செந்தூலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். உரிமம் பெற்ற துப்பாக்கிச் சுடும் கிளப் ஒன்று, பாயிண்ட் 22 ரைஃபிளுக்கு வட்டத் தகடுகள் பத்து செய்து தரச் சொல்கிறது. பழைய இரும்புக் கடையில் தகடு பொறுக்கலாமா? எதை எடுப்பது, எதை விடுவது?
– வாசகர், செந்தூல்

ப: தாராளமாகப் பொறுக்கலாம். ஆனால் கனத்தைப் பார்ப்பதற்கு முன் தகட்டின் முகத்தைப் பாருங்கள். பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் (0.22 அங்குலத் தோட்டா வகை) ரவை, அதாவது குண்டு, வெறும் 2.6 கிராம் ஈயம்தான். நொடிக்கு 330 முதல் 380 மீட்டர் வேகத்தில் வரும். மட்டமான முகத்தில் பட்டால் நசுங்கி, தகட்டை ஒட்டியே நாலாபுறமும் சிதறிவிடும். குழி விழுந்த முகத்தில் பட்டால், ஈயம் குழியின் வளைவில் திரும்பிச் சுட்டவர் பக்கமே வரும். துருப்பிடித்து அரித்த தகடும் இந்த விஷயத்தில் குழி விழுந்த தகடுதான்.

எடுக்க வேண்டியது 10 மில்லிமீட்டர் கன மைல்ட் ஸ்டீல் (சாதாரண மென் எஃகு). கட்டுமான வேலையில் மிஞ்சிய பேஸ் பிளேட் (தூணின் அடியில் வைக்கும் தகடு) துண்டு கிடைத்தால் அதைவிட நல்லது கிடையாது. மட்டமாகவும் இருக்கும், விலையும் எடைக்கணக்குதான். 6 மில்லியும் தாங்கும், ஆனால் நாளடைவில் சுட்ட பக்கம் கிண்ணம்போல உள்வாங்கும். உள்வாங்கிய தகடு சிதறலைக் குவித்து முன்னால் அனுப்பும். வளைவு கண்ணுக்குத் தெரிந்த அன்றே அதைக் கழற்றிவிட வேண்டும். 3 மில்லி பக்கம் போகவே வேண்டாம்.

விட வேண்டியவை: பிரேக் டிரம், பிரேக் டிஸ்க், சாக்கடை மூடி போன்ற வார்ப்பிரும்பு. அது வளையாது, உடைந்து தெறிக்கும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் கிரைண்டர் வைத்துப் பாருங்கள். மைல்ட் ஸ்டீல் நீளமான மஞ்சள் பொறியாக ஓடும். வார்ப்பிரும்பு மங்கிய சிவப்பில் குட்டையாக நின்றுவிடும். லாரித் தளத்துச் செக்கர் பிளேட்டும் ஆகாது, அதன் மேடுகளில் பட்ட ரவை எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பி, குழாய், சிலிண்டர் என உருண்டை எதுவுமே இலக்குக்கு உதவாது. கல்வனைஸ் தகட்டை கேஸ் கட்டரில் வெட்டினால் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

கடையில் அரம் வழுக்கி ஓடுகிற கெட்டித் தகடு (ஏஆர் 500, ஹார்டாக்ஸ் வகை) அகப்பட்டால் விடாதீர்கள். ஆனால் அதை கேஸில் வெட்டினால் ஓரம் சூடேறி மென்மையாகிவிடும். வெட்டையும் துளையையும் லேசர் அல்லது வாட்டர்ஜெட் வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்புங்கள். அதன்மேல் எதையும் வெல்டிங் செய்யாதீர்கள்.

மைல்ட் ஸ்டீல் தகட்டை பாயிண்ட் 22 லாங் ரைஃபிளுக்கு மட்டும் கொடுங்கள். பாயிண்ட் 22 மேக்னம், பாயிண்ட் 17 எச்எம்ஆர் என்ற தோட்டாக்கள் இரண்டுக்கும் வேகம் அதிகம், சீக்கிரமே குழி விழும். இதை பில்லிலேயே எழுதிவிடுவது உங்களுக்கும் நல்லது.

கே: எங்கள் கிளப்பில் தகட்டின் தலையில் வளையம் வெல்டிங் செய்து சங்கிலியில் தொங்கவிட்டோம். வளையம் தெறித்து விழுகிறது, சங்கிலியும் அடி வாங்குகிறது. வேறு வழி?
– வாசகர், பட்டர்வொர்த்

ப: வெல்டிங்கும் சங்கிலியும் வேண்டாம், போல்ட்டும் ரப்பரும் போதும். 200 மில்லி வட்டம், 10 மில்லி கனம் என்றால் எடை சுமார் 2.5 கிலோ. நடுப்புள்ளியிலிருந்து 75 மில்லி மேலே ஒரு துளை. 12 மில்லி கேரியேஜ் போல்ட்டை முன்னாலிருந்து நுழைத்துவிடுங்கள். அதன் உருண்டைத் தலையில் ரவை பிடிக்காமல் வழுக்கும். அறுகோணத் தலை போட்டால் அதன் விளிம்பே தெறிக்கும். கழுத்து சதுரமாக இருப்பதால் துளையின் நான்கு மூலைகளையும் அரத்தால் சதுரமாக்க வேண்டும். அவசரத்தில் துளையைப் பெரிதாக்கிவிட்டால் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், நட்டு இறுகாது.

பின்னால் 25 மில்லி நீளக் குழாய்த்துண்டு ஒன்றை புஷ்ஷாகப் போட்டு, அதற்கும் பின்னால் 50 மில்லி அகலக் கன்வேயர் பெல்ட் ரப்பர் பட்டை, வாஷர், நைலான் நட்டு. அந்த புஷ்ஷை வீண் என்று விட்டுவிடாதீர்கள். தொங்கும் இடம் தகட்டுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால்தான் தகட்டின் தலை சுமார் 20 டிகிரி முன்னால் சாய்ந்து, முகம் தரையைப் பார்க்கும். சிதறலும் பெரும்பாலும் தரைக்குப் போகும். அந்தப் பட்டையை மாட்டித் தொங்கவிடும் சட்டத்துக்கு இரும்பைவிட இரண்டுக்கு நாலு அங்குல மரக்கட்டை மேல். தவறிய ரவை அதில் புதைந்து நிற்கும், நைந்தால் மாற்றிக்கொள்ளலாம். பின்னால் மண்மேடு இல்லாமல் எதையும் தொங்கவிடக் கூடாது.

தூரம்? 25 மீட்டருக்குக் குறைக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. பாதுகாப்புக் கண்ணாடி, சுடுபவருக்கு மட்டுமல்ல, வேடிக்கை பார்ப்பவருக்கும் வேண்டும்.

கே: கோழி, ஆடு வடிவத்தில் தகடு வெட்ட ஆசை. எந்தத் தூரத்தில் எது?
– வாசகர், கெப்போங்

ப: சில்லவுட் (விலங்கு உருவத் தகடுகளைச் சுட்டுச் சாய்ப்பது) என்று மெக்சிகோவிலிருந்து வந்த போட்டி அது. சிறு துளை ரைஃபிளுக்குக் கோழி 40 மீட்டர், பன்றி 60, வான்கோழி 77, செம்மறி 100. பெரிய ரைஃபிளின் 200, 300, 385, 500 மீட்டரை ஐந்தால் வகுத்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். உருவமும் அதே ஐந்தில் ஒரு பங்குதான். இவை தொங்குவதில்லை, நின்று சாய்பவை, ஆகவே அடிப்பாதம் மட்டமாக இருக்க வேண்டும். கால்கள் ஒல்லி என்பதால் முதலில் வளைவது அவைதான். பன்றியை வெட்டும் முன் கிளப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்! பயிற்சிக்கு மட்டும் என்றால் பயத்லான் (பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த போட்டி) அளவு சுலபம்: 50 மீட்டரில், படுத்துச் சுட 45 மில்லி, நின்று சுட 115 மில்லி வட்டம்.

கே: காற்றுத் துப்பாக்கிக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு தகடு மாட்டலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

ப: கூடாது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும் சுடுங்கள். அங்கேயும் எஃகுக் குண்டை எஃகுத் தகட்டில் சுட வேண்டாம். அது நசுங்காது, அப்படியே திரும்பி வரும்.

கே: தகட்டுக்கு என்ன பெயிண்ட்? பழைய தகட்டை கிரைண்டரில் தேய்த்து மறுபடி பயன்படுத்தலாமா?
– வாசகர், பிறை

ப: மலிவான வெள்ளை ஸ்பிரே போதும், பட்ட இடம் சாம்பல் நிறமாகத் தெரியும். நம் ஊர் மழைக்கு வெளியில் விட்டால் துரு சும்மா இருக்காது, கழற்றி உள்ளே வையுங்கள். தேய்ப்பதுதான் யோசிக்க வேண்டிய வேலை. சுட்ட தகட்டில் ஈயம் அப்பியிருக்கும், கிரைண்டர் அதைத் தூளாக்கி மூக்கில் ஏற்றும். துணி மாஸ்க் போதாது, துகள் வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். பட்டறையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். குழி ஆழமாக இருந்தால் தேய்க்கும் கூலிக்குப் புதுத் துண்டே வாங்கிவிடலாம்.