இறாலை விட்டால் கொலஸ்ட்ரால் இறங்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 53. பாம்பனில் விசைப்படகுத் தொழில். ஐந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதப் பரிசோதனையில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 172. அதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை, "ஆரம்பித்தால் விட முடியாது" என்று பத்தே நாளில் நிறுத்திவிட்டார். இறால், நண்டு, முட்டையை விட்டாலே போதும் என்கிறார். சரிதானா?

பதில்: இல்லை அம்மா. இறாலை மட்டும் விட்டு 172ஐ இறக்க முடியாது.

ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டில் இருந்து வருவதில்லை, நம் உடம்பே தயாரிப்பது. சுற்றிவரும் எல்டிஎல்லை இழுத்து அப்புறப்படுத்துவது கல்லீரல். நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டால் இந்த வேலை மந்தமாகிவிடும். மிஞ்சிய எல்டிஎல் ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து, வருடக்கணக்கில் திட்டாகப் படியும். அந்தத் திட்டு ஒருநாள் வெடித்து, மேலே ரத்தம் உறைந்து குழாய் அடைத்தால் மாரடைப்பு.

நூறு கிராம் இறாலில் 150 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் உண்டு. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. அதையே பாமாயிலில் பொரித்தால் கதை வேறு, அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்புதான். தேங்காய் எண்ணெயில் இன்னும் அதிகம். அதனால் வாரம் ஒருநாள் இறால் தொக்கு வைத்துக் கொடுங்கள். கரைக்கு வந்ததும் டீக்கடையில் எடுக்கும் இரண்டு வடை, ராத்திரி சால்னா ஊற்றிய பரோட்டா, இவற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை. காலையில் ஊற்றிய எண்ணெய் சாயங்காலம் கறுத்துக் கிடப்பதை அவரே பார்த்திருப்பார்.

ஏலத்தில் விலை போகாமல் வீட்டுக்கு வரும் சூடை, சாளை மீன்கள் இதயத்துக்கு நல்லவை. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். கருவாட்டைக் குறையுங்கள், அதன் உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும். பீடி, சிகரெட் இருந்தால் அதை முதலில் விட வேண்டும்.

அப்புறம் மாத்திரை. அது பழக்கமாகிவிடும் பொருள் இல்லை. நிறுத்தினால் எல்டிஎல் பழையபடி ஏறும், அவ்வளவுதான். இந்த வயதில் சர்க்கரையும் இருப்பவருக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. கொடுத்த டாக்டரையே இந்த வாரம் பார்த்து, மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். தசை வலி வந்தால் தானாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லட்டும், மாற்று இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் ரத்தத்தை மறுபடி பாருங்கள்.

இன்னொன்றை அவருடன் கடலுக்குப் போகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, திடீரென்று கொட்டும் வியர்வை, மூச்சுத் திணறல், இவை மாரடைப்பின் அறிகுறிகள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். வலை கடலில் கிடக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. உடனே படகைத் திருப்பி, சிக்னல் கிடைத்ததும் 108ஐக் கரைக்கே வரச் சொல்லிவிட வேண்டும்.