அலேசியாவில் இரண்டு படைகளுக்கு நடுவே சிக்கியும் சீசர் ஜெயித்தது எப்படி?

சுருக்கமாகச் சொன்னால், மண்வெட்டியால். ஆனால் மண்வெட்டி மட்டும் போதவில்லை.

கி.மு. 52. கௌல் (இன்றைய பிரான்ஸ்) நாட்டில் மலைமேலிருந்த அலேசியா என்ற ஊருக்குள், ரோமை எதிர்த்த கௌல் தலைவர் வெர்சிங்கெடோரிக்ஸ் 80,000 பேருடன் இருந்தார். அவரை மீட்க வந்த படை சுமார் 2,50,000 என்கிறார் சீசர். இரண்டும் அவர் தரும் கணக்குதான். மீட்புப் படையின் எண்ணிக்கையை நான் அப்படியே நம்பமாட்டேன்.

ஊரை நோக்கி சுமார் 16 கிலோமீட்டர், வெளியே பார்த்து சுமார் 21 கிலோமீட்டர் என இரண்டு வளையங்களை ரோமர்கள் எழுப்பினார்கள். உள்வளையத்தில் முதலில் வெட்டியது 20 அடி அகலப் பள்ளம். வேலை செய்பவர்கள்மேல் பகலில் ஈட்டி விழாமலும், இரவில் எதிரி திடீரெனப் பாயாமலும் இருக்க, மற்ற அரண்களை அதிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்டினார்கள். 15 அடி அகலத்தில் இரண்டு அகழிகள். உள்பக்க அகழியில் தாழ்வான இடங்களில் ஆற்றுநீர். அதன் பின்னால் 12 அடி மண் அரண், மரவேலி, 80 அடிக்கு ஒரு கோபுரம்.

இவ்வளவும் போதவில்லை. மரத்துக்கும் தானியத்துக்கும் ஆட்கள் வெளியே போனதால் காவலுக்கு ஆள் குறைந்தது. அதைச் சரிக்கட்டத்தான் பொறிகள். 3 அடி ஆழக் குழிகளில் தொடைப் பருமன் உள்ள முளைகளை நட்டு, நுனி நான்கு விரற்கடை மட்டும் வெளியே தெரியும்படி மண்ணை மிதித்து இறுக்கி, மேலே சுள்ளி போட்டு மூடினார்கள். இப்படி எட்டு வரிசை.

சறுக்கியது வடக்கே. அங்கிருந்த குன்று பெரிதாக இருந்ததால் வளையத்துக்குள் கொண்டுவர முடியவில்லை. சரிவில் முகாம் போட்டு இரண்டு லீஜியன்கள் (ரோமப் பெரும் படைப்பிரிவுகள்) காத்தன. வெர்சிங்கெடோரிக்ஸின் உறவினர் வெர்காசிவெல்லானஸ் மீட்புப் படையின் 60,000 பேருடன் இரவோடு இரவாக நடந்து, குன்றின் பின்னால் ஒளிந்து, நண்பகலில் இறங்கினார். மண்ணை அள்ளிக் கொட்டியே பொறிகளை மூடிவிட்டார்கள். சீசர் அனுப்பிய அவரது துணைத் தளபதி லாபியேனஸ் ஆறு கோஹார்ட்டுகளுடன் (லீஜியனின் பத்தில் ஒரு பகுதி ஒரு கோஹார்ட்) வந்தும் அரண் தாங்கவில்லை. பிறகு சீசரே வந்தார். குதிரைப்படையை வெளிப்புறமாகச் சுற்றி அனுப்பி எதிரியின் முதுகில் அடித்தார். என் பார்வையில் போரைத் தீர்த்தது அந்தச் சுற்றுவழிதான். அரண் வாங்கித் தந்தது அதற்கான நேரத்தை.

கௌல் தரப்பின் பெரிய தவறு ஒருங்கிணைப்பின்மை. முந்தைய இரவுத் தாக்குதலில், உள்ளிருந்தவர்கள் பள்ளம் தூர்ப்பதிலேயே நேரத்தைக் கழித்தார்கள். அரணை நெருங்குவதற்குள் மீட்புப் படை பின்வாங்கிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள்: அகழாய்வுகளில் கிடைத்த அகழிகளின் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது. மேலே சொன்ன அடிக்கணக்கை வளையம் முழுக்கப் பொருத்திப் படம் வரைய வேண்டாம்.