தாண்டிப் போகாதீர்கள், டீச்சர்

கேள்வி: தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவிலுள்ள திட்டுகளைப் பற்றி வகுப்பில் பேசினேன். "ராமர் கட்டியது" என்றாள் ஒருத்தி. "ஆதாம் நடந்து போன வழின்னு வாப்பா சொல்வாங்க" என்றான் இன்னொருவன். இயற்கையாக உருவானவை என்றேன். மறுநாள் ஒரு பெற்றோர் சண்டைக்கே வந்துவிட்டார். இனி இந்தப் பேச்சையே விட்டுவிடவா?
– ஆசிரியை, பாம்பன்

பதில்: விடாதீர்கள். இந்தக் கரையில் வாத்தியாராகக் காலம் தள்ளியவன் நான். ராமர் பாலம், ஆதாம் பாலம் இரண்டு பெயரையும் கரும்பலகையில் எழுதிவிடுவேன். அப்புறம் சுண்ணாம்புக்கல், மணல், ஆழமில்லாத கடல் என்று பாடம். பரீட்சையில் கேட்பதும் அதைத்தான்.

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு. மதங்களைப் பற்றிச் சொல்லித்தருவது அதில் வராது என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதோ 51ஏ பிரிவின்படி நம் கடமை.

"கட்டுக்கதை" என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். வகுப்பு சிரிக்கும், அந்தச் சிரிப்புதான் வீட்டுக்குப் போகும். பெற்றோர் மறுபடி வந்தால், வராந்தாவில் பேசாமல் தலைமை ஆசிரியர் அறையில் உட்காரவைத்து, என்ன நடத்தினீர்களோ அதைக் காட்டுங்கள்.