நுரையீரலுக்குள் என்ன போனது?

மும்பையில் மழை பிடித்துவிட்டால் மருத்துவரான எனக்கு வரும் கடிதங்களில் பாதி நிமோனியாவைப் பற்றியவை. நனைந்தது, தலைக்குக் குளித்தது, தயிர் சாப்பிட்டது என்று எல்லோரும் காரணம் தேடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: நுரையீரலுக்குள் என்ன போனது? கிருமியா, தூசியா, எண்ணெயா, சோற்றுப் பருக்கையா? செல்லப் பிராணிகளுக்கான பதில்களைக் கால்நடை மருத்துவரான என் தங்கையிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

லோக்கல் ரயிலுக்குக் காத்திருந்து தெப்பலாக நனைந்தேன். நிமோனியா வருமா? (முலுண்ட்)

நனைந்ததால் மட்டும் வராது. அதே பெட்டியில் உங்கள் முகத்துக்கு நேரே இருமியவரிடமிருந்து வரலாம். ஃப்ளூ தணிந்து வரும் வேளையில் மறுபடி காய்ச்சல் ஏறினால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தைக்கு நான்கு மாதம். குளிப்பாட்டும்போது மாமியார் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுகிறார். சளி குறையவே இல்லை. (தாராவி)

இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமி வெளியே தள்ளிவிடும். எண்ணெய் இருமலைக் கிளப்பாமலே வழுக்கிக்கொண்டு நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். உடலால் அதை எளிதில் அகற்ற முடியாது. அது தங்கிய இடத்தில் அழற்சி உண்டாகும். இந்த வகை நிமோனியாவை ஆன்டிபயாடிக் தீர்க்காது.

ஒரு பாட்டி என் எதிரிலேயே செய்து காட்டினார். கால்களை நீட்டி, பேரனை மல்லாக்கக் கிடத்தி, கட்டைவிரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விடுவதுபோல் பாவனை செய்தார். "அழக்கூட மாட்டான் டாக்டர்" என்றார் பெருமையாக. இருமாமல், அழாமல் உள்ளே போவதால்தான் எனக்குப் பயம். பாலாடையில் பால் புகட்டும்போதும் குழந்தையின் தலை உயர்ந்திருக்க வேண்டும். அழும்போது ஊற்றக் கூடாது. மாமியாரிடம் கோபிக்காதீர்கள். பாசத்தில் செய்கிறார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை.

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 என்ற அளவைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நிமோனியாவை உண்டாக்கும் முக்கியக் கிருமியான நிமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசியை 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம் என மூன்று முறை அரசு மையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள்.

மூன்று மாதமாக வறட்டு இருமல். இரண்டு முறை ஆன்டிபயாடிக் முடித்தாயிற்று. திருநெல்வேலிக்குப் போயிருந்த பத்து நாளும் இருமலே இல்லை. (மாட்டுங்கா)

உங்கள் கடைசி வரி முக்கியமானது. காரணம் வீட்டிலேயே இருக்கலாம். ஜன்னல் கிரில்லிலோ ஏ.சி. பெட்டியின் மேலோ புறா கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த எச்சத்தின் தூசியும் இறகுத் துகளும் சிலரது நுரையீரலில் ஒவ்வாமையைக் கிளப்பும். நிமோனியாவைப் போலவே தோன்றும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நுரையீரல் தழும்பேறிவிடும். நுரையீரல் மருத்துவரைப் பார்த்து சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். எச்சத்தை நீங்கள் சுத்தம் செய்ய வேண்டாம். செய்பவரும் முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே வழிக்க வேண்டும்.

2025இல் புறாக்களுக்குத் தானியம் இடும் இடமான தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியபோது பலர் மனம் நொந்தார்கள். தானியம் இடுவது அவர்களுக்குப் புண்ணியம். ஆக்சிஜன் சிலிண்டரோடு பத்தடி நடக்கத் திணறுபவர்களைப் பார்த்த நான் மூடியதையே ஆதரிக்கிறேன்.

கணவருக்கு நிமோனியா. எங்கள் லேப்ரடார் அவர் கட்டிலில்தான் படுக்கிறது. அதற்கும் தொற்றுமா? (செம்பூர்)

பெரும்பாலும் தொற்றாது. ஆனால் ஃப்ளூ, கோவிட் வைரஸ்கள் மனிதரிடமிருந்து நாய், பூனைகளுக்கு அரிதாகப் போயிருக்கின்றன. அவர் தேறும்வரை வேறு அறையில் படுக்கட்டும்.

வயதான பக் நாய்க்கு சிரிஞ்சில் மருந்து கொடுத்தேன். அன்றிலிருந்து இருமுகிறது. (சயான்)

மருந்து மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். இன்றே காட்டுங்கள். சப்பை மூக்கு நாய்களுக்கும் அடிக்கடி வாந்தி எடுப்பவற்றுக்கும் இந்த ஆபத்து அதிகம். இனிமேல் தலையை அண்ணாத்திப் பிடிக்காதீர்கள். கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். குட்டி நாய்களுக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த நோயும் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

72 வயது அப்பாவுக்குச் சர்க்கரை நோய். காய்ச்சல் இல்லை. நேற்றிலிருந்து கிழமையை மாற்றிச் சொல்கிறார், சாப்பிட மறுக்கிறார். (தாராவி)

எழுதியவரிடம் அன்றே தொலைபேசியில் பேசி அப்பாவை மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வரும். திடீர் மனக்குழப்பம் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். பக்கவாதமோ சர்க்கரைத் தாழ்வோகூட இப்படித் தொடங்கும். எதுவானாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சர்க்கரை, சிறுநீரக நோய், புகைப்பழக்கம் உள்ளவர்களும் 65ஐக் கடந்தவர்களும் ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வீடு திரும்பிய பிறகு அப்பாவுக்குப் படுக்கையில் சாய்த்தபடி ஊட்ட வேண்டாம், சோறு மூச்சுக்குழாயில் போகலாம். நிமிர்ந்து உட்கார வைத்து, ஒவ்வொரு கவளத்தையும் விழுங்கிய பிறகு அடுத்ததைக் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே படுக்கட்டும்.