பழைய வேனில் துருவேறி இறுகிய நட்டுகளைக் கழற்றுவது எப்படி?

1970களின் ஃபோக்ஸ்வேகன் வேனில், எஞ்சின் ஹெட்டோடு (சிலிண்டர்களை மூடும் பகுதி) எக்ஸாஸ்ட் குழாயைப் பிடித்திருக்கும் 8 மி.மீ. ஸ்டட்டுகளின் (தலையில்லாத, மரையுள்ள கம்பிகள்) நட்டுகள் அசையவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைகளுக்கிடையே ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகிறது. பலத்தை மட்டும் கூட்டினால் ஸ்டட்டு முறிந்து, அதன் அடிப்பகுதி அலுமினிய ஹெட்டுக்குள் சிக்கிக்கொள்ளும்.

வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள், பெட்ரோல் டியூப்களைக் கழற்றி அப்புறப்படுத்தி, எண்ணெயையும் நன்றாகத் துடைத்த பிறகே, நட்டை மட்டும் மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கி, அறுமுனை சாக்கெட்டால் சிறிது கழற்றுவதும் சற்றே இறுக்குவதுமாகப் பொறுமையாகத் திருப்புங்கள். மரையிலிருந்து செம்பழுப்புத் தூள் உதிரத் தொடங்கினால் பிடி தளர்கிறது என்று பொருள். அப்போதும் அசையாத நட்டை, ஸ்டட்டின் மரையில் படாமல் பக்கவாட்டில் அறுத்து, உளியால் பிளந்தெடுப்பதையே பரிந்துரைப்பேன்.