காத்தடிச்ச புதுப் பனி, 35 டிகிரி சரிவு: நாளைக்கு வேண்டாங்க

ரெண்டு நாள்ல 40 செ.மீ. புதுப் பனி, நேத்து ராத்திரி பூரா பலத்த காத்து, இன்னைக்கு வெயில் வந்துருச்சு, நாளைக்கு முகட்டுக்குக் கீழ இருக்குற 35 டிகிரி சரிவுல ஸ்கீ போகலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு போகாதீங்க. வானம் தெளிஞ்சா பனி உறுதியாயிடும்னு அர்த்தமில்ல. பனிச்சரிவு பெரும்பாலும் 30-லேர்ந்து 45 டிகிரிக்குள்ளதான் கிளம்புது, உங்க இடம் அதுக்கு நட்டநடுவுல இருக்கு. காத்து ஒரு பக்கத்துப் பனிய வாரி, முகட்டைத் தாண்டி, காத்து படாத பக்கத்துல பலகை மாதிரி இறுக்கிப் போட்டுடும், அது வானத்துலேர்ந்து விழுறத விட பல மடங்கு வேகமா சேரும், அடியில இருக்குறது உறுதியில்லாத பழைய பனியா இருக்கலாம். கம்பால தட்டினா டொக்குனு காலியா கேக்குதுன்னு சொன்னீங்களே, எனக்கு அதான் பயமா இருக்கு. ஸ்கீ முனையிலேர்ந்து விரிசல் ஓடினாலோ, காலுக்கடியில 'வும்ப்'னு அமுங்கினாலோ குழி தோண்டி டெஸ்ட் பண்ணிட்டெல்லாம் நிக்காதீங்க, உடனே திரும்பிடுங்க. பனிச்சரிவு முன்னறிவிப்ப காலையில கண்டிப்பா பாருங்க, அதுல ஆபத்து அளவு 5-க்கு 3-ன்னா நடுத்தரம்னு தோணும், ஆனா அந்த 3 இருக்குற நாள்கள்லதான் நிறைய பேர் செத்திருக்காங்க. ஏற்கெனவே யாரோ போன தடம் இருக்குங்கிறதெல்லாம் ஒரு ஆதாரமே இல்லங்க. போயே ஆகணும்னா 30 டிகிரிக்குக் கீழ, தலைக்கு மேல செங்குத்துச் சரிவு இல்லாத இடமா பாருங்க, பீக்கன் (பனிக்குள்ள புதைஞ்சவங்களக் கண்டுபிடிக்க சிக்னல் குடுக்குற கருவி), ப்ரோப் (பனிய குத்தித் தேடுற நீளக் கம்பி), ஷவல் (பனி தோண்டுற மண்வெட்டி) மூணும் ஆளாளுக்கு தனித்தனியா இருக்கணும்.