டவர் இருக்கு, நெட் இல்லை: தீவு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் தீவுகளுக்கு நெட் கொண்டுபோகும் கடலடி கேபிள் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், தீவுகளில் இருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. தொலைத்தொடர்பில் டிரான்ஸ்மிஷன் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் பதில் சொல்ல ஆசைதான். எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் தீவில் போனில் சிக்னல் கோடு முழுசாகக் காட்டுகிறது. ஆனால் சாயங்காலம் ஆனால் ஒரு பக்கம்கூடத் திறப்பதில்லை. இன்னொரு டவர் கேட்டு ஊர்க்காரர்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். சரிதானே? (ஒரு பள்ளி ஆசிரியை)

பதில்: மனுவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் டீச்சர். அந்தக் கோடுகள் உங்கள் போனுக்கும் டவருக்கும் நடுவில் உள்ள உறவை மட்டும்தான் சொல்லும். டவருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. அந்தப் பின்பக்க இணைப்பை நாங்கள் பேக்ஹால் என்போம். பல தீவுகளில் பெரிய பஸ் ஸ்டாண்டு கட்டியாகிவிட்டது, அங்கிருந்து வெளியே போக ஒற்றையடிப் பாதைதான் இருக்கிறது.

லட்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சியில் இருந்து கடலடி கேபிள் வருவதற்கு முன் அந்தத் தீவுக் கூட்டம் முழுவதற்கும் செயற்கைக்கோள் வழியாகக் கிடைத்தது நொடிக்கு 1.7 ஜிகாபிட். ஒரு தெளிவான வீடியோவுக்கு 5 மெகாபிட் என்று வைத்தால், ஒரே நேரத்தில் 340 பேர் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் 64 ஆயிரத்துக்கும் மேல். இதில் எத்தனை டவர் வைத்து என்ன பயன்? 2024 ஜனவரியில் 11 தீவுகளை இணைக்கும் கேபிள் திறக்கப்பட்டபோது அந்த 1.7 என்பது 200 ஆனது. அந்தமானில் 2020 ஆகஸ்டில் நடந்ததும் இதுதான். சென்னையில் இருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போனது.

உங்கள் ஊர் விஷயத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு வேகச் சோதனை, ராத்திரி எட்டு மணிக்கு அதே இடத்தில் இன்னொன்று. விடியற்காலையில் பறந்து, ராத்திரி ஊர்ந்தால் எங்கோ நெரிசல். ஒரே டவரில் ஆள் கூடினாலும் இப்படி ஆகும், அதனால் வேறு டவரில் இருப்பவரும் அதே நேரத்தில் சோதிக்கட்டும். எல்லா டவரும் சேர்ந்தே படுத்தால் குற்றவாளி பேக்ஹால்தான். ஒரு வாரக் குறிப்பை மனுவோடு இணைத்து, ‘எங்கள் தீவுக்கு வரும் பேக்ஹால் எவ்வளவு, எதன் வழியாக?’ என்று கேளுங்கள். ‘டவர் வேண்டும்’ என்று கேட்டால் டவரை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கேள்வி: பக்கத்துப் பெரிய தீவில் இருந்து டிஷ் வைத்து 5.8 ஜிகாஹெர்ட்ஸில் ரேடியோ லிங்க் எடுத்து ஊருக்கு நெட் கொடுக்கிறேன். தூரம் 8 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் டிஷ் 20 மீட்டர் உயரத்தில். நடுவில் தடையே இல்லை, பைனாகுலரில் எதிர்க் கம்பம் தெரிகிறது. ஆனாலும் தினம் கொஞ்ச நேரம் லிங்க் விழுகிறது. நேற்று விழுந்த நேரத்தைவிட இன்று முக்கால் மணி நேரம் போலத் தள்ளி விழுகிறது. காற்றடிக்கிற நாளில் அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. பவரைக் கூட்டிப் பார்த்தேன், பலன் இல்லை. (தீவில் சிறு நெட்வொர்க் நடத்தும் இளைஞர்)

பதில்: தம்பி, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். தினம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகிற சமாச்சாரம் இந்த உலகத்தில் ஒன்றுதான், அது நிலா. உங்கள் லிங்க்கைச் சாய்ப்பது நிலாவோடு கடல் ஏறி வற்றுவது, அதாவது ஓதம்.

எதிர் டிஷ்ஷில் இருந்து வரும் அலை நேராக வருவதோடு நிற்பதில்லை. இன்னொரு பங்கு நடுக்கடலில் பட்டுத் தெறித்தும் வருகிறது. அமைதியான கடல் ரேடியோ அலைக்கு நல்ல கண்ணாடி. தெறித்து வருவது சுற்றி வருவதால் ஒரு நூல் பின்தங்கும். நேர் அலை மேடாக இருக்கும்போது தெறித்த அலை பள்ளமாக வந்து சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். உங்கள் அதிர்வெண்ணில் அலைநீளம் சுமார் 5 சென்டிமீட்டர். ஆகவே இரண்டு பாதைகளின் நீள வித்தியாசம் இரண்டரை சென்டிமீட்டர் மாறினாலே நல்ல சிக்னல் செத்த சிக்னல் ஆகிவிடும். நீங்கள் சொன்ன தூரத்துக்கும் உயரத்துக்கும் கணக்குப் போட்டேன். கடல் மட்டம் இரண்டு, மூன்று மீட்டர் இறங்கினால் அந்த இரண்டரை சென்டிமீட்டர் வந்துவிடுகிறது. காற்றடித்தால் கடல் கலங்கிக் கண்ணாடி உடைகிறது, அதனால்தான் அன்றைக்குத் தொந்தரவு குறைவு. பவரைக் கூட்டினால் நேர் அலையோடு எதிரியும் சேர்ந்து கூடுவான்.

செய்ய வேண்டியது இது. அதே கம்பத்தில், இப்போதுள்ள டிஷ்ஷுக்கு ஐந்து மீட்டர் போலக் கீழே இன்னொரு டிஷ் கட்டுங்கள். மேலே உள்ளது செத்துப்போகும் நேரத்தில் கீழே உள்ளது உயிரோடு இருக்கும். இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் ரேடியோ வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. ஒரு பக்கத்து டிஷ்ஷை மட்டும் நன்றாகத் தாழ்த்தி, கரையில் இருந்து உள்ளே தள்ளி வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரமாக இருப்பதால்தான் தெறிக்கும் இடம் சரியாக நடுக்கடலில் விழுகிறது. ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்த இடம் தாழ்ந்த பக்கத்தை நோக்கி நகரும். அது தண்ணீரில் விழாமல் புதர்க்காட்டிலோ கரடுமுரடான பாறையிலோ விழுந்தால் பாதிச் சண்டை முடிந்தது. நேர்ப்பார்வை மட்டும் மறையக் கூடாது. மாற்றுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க சிக்னல் அளவைப் பதிவு செய்து, ஓத அட்டவணையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சந்தேகமே இருக்காது.

நீங்கள் தனி ஆள் இல்லை. ஸ்காட்லாந்தில் லாக் ஹோர்ன் என்ற கடற்கழியை ஒட்டிய கிராமங்களுக்கு எடின்பரோ பல்கலைக்கழகத்தார் டெகோலா என்ற பெயரில் இப்படி லிங்க் போட்டார்கள். அவர்களையும் இந்த ஓதம் படுத்தியது. அதை வைத்தே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள்.

கேள்வி: படகில் போகும்போது எத்தனை தூரம் வரை சிக்னல் கிடைக்கும்? (மீனவர்)

பதில்: டவர் 40 மீட்டர், உங்கள் கையில் உள்ள போன் கடலுக்கு மேலே 3 மீட்டர் என்றால், சுமார் 33 கிலோமீட்டரில் பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும். டவரை 100 மீட்டராக்கினாலும் 48தான். குன்று இருந்தால் அதன் உச்சியில் வைப்பது எவ்வளவோ மேல். அதோடு, போனின் சக்தி கால் வாட்கூட இல்லை. டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்காது. கோடு தெரிந்தும் அழைப்பு போகாததற்குக் காரணம் அதுதான். காற்றில்லாத வெயில் நாளில் கடல் மேல் காற்று அடுக்குகள் அலையை மடக்கி ரொம்ப தூரம் கொண்டுபோவதும் உண்டு, அன்றைக்குக் கிடைத்தது என்று மறுநாள் நம்பிப் போகாதீர்கள். ஆபத்துக்கு விஎச்எப் ரேடியோ இல்லாமல் கிளம்ப வேண்டாம், அண்ணாச்சி.

கேள்வி: கடலடி கேபிளைச் சுறா கடிக்குமாமே? (கல்லூரி மாணவி)

பதில்: கடித்திருக்கிறது. ஆனால் மீன் கடித்துப் பழுதானவை மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் நங்கூரமும் மீன்பிடி வலையும்தான். சுறா பாவம்.

கேள்வி: இப்போதுதான் தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள் வந்துவிட்டதே. ஒரு தட்டை வாங்கிக் கூரையில் வைத்தால் முடிந்தது. இனிமேலும் கேபிள் எதற்கு? (ஓய்வுபெற்ற அலுவலர்)

பதில்: பழைய செயற்கைக்கோளை நினைத்தால் உங்கள் உற்சாகம் நியாயமானது. அவை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நின்றன. கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி, வீடியோ காலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் மௌனமாவார்கள். ஸ்டார்லிங்க் மாதிரியானவை சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே பறப்பதால் அந்தத் தாமதம் போய்விட்டது. நாற்பது வீடு உள்ள தீவுக்கு அதுவே போதும், கேபிள் கேட்பது வீண்.

ஆனால் வானத்தில் இருக்கும் கொள்ளளவை அந்தப் பகுதியில் உள்ள எல்லாரும் பங்கு போட வேண்டும். பத்தாயிரம் பேர், ஒரு ஆஸ்பத்திரி, நாலு பள்ளிக்கூடம் என்று ஆனால் கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழைக்கு ஈடில்லை. என்னைக் கேட்டால் ‘இதுவா அதுவா’ என்பதே தப்பான கேள்வி. பசிபிக் தீவு நாடான டோங்காவைப் பாருங்கள். 2022 ஜனவரி 15 அன்று எரிமலை வெடித்து, பிஜியில் இருந்து வந்த ஒரே வெளிநாட்டுக் கேபிள் அறுந்தது. ‘ரிலையன்ஸ்’ என்ற பழுதுபார்க்கும் கப்பல் பப்புவா நியூ கினியில் இருந்து வர வேண்டியிருந்தது. இணைப்பு திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று. வெளித்தீவுகளுக்குப் போன உள்நாட்டுக் கேபிள் சரியாக 2023 ஆகிவிட்டது. அதுவரை கைகொடுத்தது செயற்கைக்கோள்தான்.

இரண்டு கேபிள் போட்டால் தப்பிக்கலாமா என்றால், அதையும் தைவானின் மாட்சு தீவுகள் பார்த்துவிட்டன. 2023 பிப்ரவரியில் ஒரே வாரத்துக்குள் இரண்டும் அறுந்தன. ஒன்றரை மாதத்துக்கு மேல் டிஷ்ஷில் இருந்து டிஷ்ஷுக்குப் போகும் மைக்ரோவேவ் லிங்க்கை வைத்துச் சமாளித்தார்கள். இரண்டாவது வழி வேறு கடலிலோ வேறு வகை இணைப்பிலோ இருக்க வேண்டும். ஒரே பாறை இடுக்கில் இரண்டு கேபிளை இறக்கிவிட்டு ‘மாற்று ஏற்பாடு இருக்கிறது’ என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: அடுத்த மாதம் கம்பெனிக்காரர்கள் வந்து ஊர்க் கூட்டம் போடுகிறார்கள். வேகத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். வேறென்ன கேட்கலாம்? (தீவு ஊர்க்குழு உறுப்பினர்)

பதில்: வேகத்தை அவர்களே சொல்வார்கள், நீங்கள் கேட்க வேண்டாம். கரண்ட் போனால் டவர் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று முதலில் கேளுங்கள். டீசல் ஜெனரேட்டர் என்று சொன்னால், கடல் கொந்தளித்துக் கப்பல் வராத மாதத்தில் டீசல் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. சோலார் என்றால், தொடர்ந்து மேகமூட்டமாக இருக்கும் நாட்களுக்கு பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

அப்புறம் பழுது. உப்புக்காற்றில் முதலில் சாவது கனெக்டர். ரப்பர் டேப் ஒழுங்காகச் சுற்றாத இடத்தில் உள்ளே ஈரம் போய்ப் பச்சைக் களிம்பு பிடிக்கும், மழை நாளில் மட்டும் லிங்க் படுத்துக்கொள்ளும். மாற்றுவது அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்துக்காக இன்ஜினியர் கப்பலுக்குக் காத்திருந்து, வந்து, ‘சாமான் கொண்டுவரவில்லை’ என்று திரும்பிப் போவார். ஆகவே தீவிலேயே ஒரு பெட்டி உதிரிச் சாமான், அதன் சாவி ஊரில் யாரிடமாவது, அந்த ஆளுக்குப் பயிற்சியும் சம்பளமும். இதை எழுத்தில் வாங்குங்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்பார்கள், விடாதீர்கள்.

கேபிள் வருகிறது என்றால் கரையேறும் இடத்தைக் குறித்த வரைபடத்தைக் கேட்டு வாங்கி மீனவர் சங்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். எங்கே நங்கூரம் போடக் கூடாது என்பது படகுக்காரருக்குத் தெரியாமல், அலுவலகக் கோப்பில் மட்டும் இருப்பதில் பயனில்லை. சிலர் 5ஜி எப்போது என்று கேட்பார்கள். அவர்களைக் கடைசியில் பேச வையுங்கள்.